ஏழு ஏழாய்க் குறைத்தபடி நடந்தவள்

ரயில் அருங்காட்சியகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரிவர்ஸ். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முதல் எஞ்சின்களைத் துடைக்கிற பெண்கள் வரை எல்லோருக்கும் அவள் ரிவர்ஸ் அக்காதான். பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டமாட்டாள். முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தபடி பேசுவாள். பதினோரு எஞ்சின், நாலு பெட்டி, ஒரு சிக்னல் அறை. சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் வாய் ஓயாது, கால் தவறாது. எந்தத் தண்டவாளத்தின் பக்கத்தில் தரை அரை அங்குலம் மேடாக இருக்கிறது, எந்தத் தூண் வரும்போது இடப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுடைய குதிகாலுக்கே மனப்பாடம்.

இருபத்து நாலு வயதில் டிக்கெட் கவுண்டர் வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். ஒருநாள் வழிகாட்டி வரவில்லை. அறுபது பேர் வந்து நிற்கிறார்கள். ‘எஞ்சினைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும்’ என்று கவுண்டரைப் பூட்டிவிட்டு எழுந்து போனவள்தான், பிறகு திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. பதினாறு வருடம் ஓடிவிட்டது. எடை அதிகமான எஞ்சின் முன்னால் போய் நின்று, “இவரு எண்பத்தாறு டன். என்னைப் பார்த்துச் சிரிக்காதீங்க, நான் இன்னும் அவ்வளவு தூரம் போகலை” என்பாள். அதே நகைச்சுவையை நாலாயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்வாள்.

அவளுடைய முப்பத்தைந்தாவது வயதில், ஒரு நாள் காலையில் வலது கண்ணில் எண்ணெய் பூசியது போல ஒரு மங்கல் வந்தது. மூன்று வாரத்தில் அது தெளிந்தது. ஆறு மாதம் கழித்து இடது பாதம் கனக்க ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். சுருக்கமாக எம்எஸ். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். டாக்டர் கால் மணி நேரம் விளக்கியதை அவர் பஸ்ஸில் வரும்போது இரண்டே வரியில் சொல்லி முடித்தார்.

“வயர் மேல ஒரு உறை இருக்குமில்ல, அது உள்ள அங்கங்க உரிஞ்சு போயிருக்கு. கரண்ட் போகுது, ஆனா சில இடத்துல லேட்டாப் போகுது.”

“மாத்த முடியாதா?”

“லிஃப்ட்னா மாத்திடுவேன்” என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு இரவு யாரும் சிரிக்கவில்லை.

மருந்து தொடங்கினார்கள். நோய் மேலும் கடிக்காமல் பிடித்து வைத்தது மருந்து. அவளும் வேலையை விடவில்லை. நாலு வருடம் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ஐந்தாவது வருடம்தான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. பேசிக்கொண்டு போகும்போது வாக்கியம் நடுவில் அறுந்துவிடும். வாக்கியத்தைப் பிடித்து இழுத்தால் கால் தடுமாறும். காலைக் கவனித்தால் அடுத்த வார்த்தை வராது. காலைச் சுற்றில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் தகரக் கூரை காய்ந்து, உள்ளே வெக்கை ஏறும்போதுதான் இந்த வம்பு. யாரிடமும் சொல்லாமல் கைப்பிடிக் கம்பியின் ஓரமாக நடந்து சமாளித்தாள்.

சமாளிக்க முடியாத ஒரு மத்தியானமும் வந்தது. மூன்றாவது சுற்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐந்தாம் எஞ்சினிலிருந்து ஆறாம் எஞ்சினுக்குப் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறாள். கூட்டத்திலிருந்து ஒருவர், “ஒரு மணி நேரம் ஓட இதுக்கு எத்தனை லிட்டர் தண்ணி வேணும்?” என்று கேட்டார். விடை அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்த எண்ணை எடுக்க மனம் போன அதே நொடியில் இடது குதிகால் தண்டவாளத்தில் இடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கை இரும்பில் மோதியது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, “மூவாயிரத்து இருநூறு லிட்டர் சார்” என்றாள். மீதி ஆறு எஞ்சினையும் காட்டி முடித்துவிட்டுத்தான் முழங்கையைப் பார்த்தாள்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். ஏழு மாதம் முன்பு வேறு துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதற்கும் ஒரு காகிதம் இருந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

“நேத்து நீங்க விழுந்தீங்க. நாளைக்கு யாராவது குழந்தை மேல விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? உங்க டாக்டர்கிட்ட சொல்லி, நடக்கறதுக்கும் யோசிக்கறதுக்கும் முறையா டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டு வாங்க.”

அதில் நியாயம் இருந்தது. மறு வாரம் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எம்எஸ் வந்தவர்களின் நடையையும் சிந்தனையையும் அளந்து பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச். வார்த்தையை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார். குளுகுளுவென்று ஏசி போட்ட நீள அறை. தரையில் இருபத்தைந்து அடி இடைவெளியில் இரண்டு பட்டை நாடா.

“இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரைக்கும். முடிஞ்ச அளவு வேகமா, ஆனா பத்திரமா. நடக்கும்போது பேசாதீங்க.”

ஐந்து நொடி. இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். அதுவும் ஐந்து நொடி. பிறகு மேசையில் உட்கார வைத்து, ஒன்பது குழி உள்ள பலகையில் ஒன்பது சின்னக் குச்சிகளைச் செருகி எடுக்கச் சொன்னார். அதன் பிறகு ஒரு தாள். மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். கீழே வரிசை வரிசையாக வெறும் குறிகள். எந்தக் குறிக்கு எந்த எண் என்று ஒன்றரை நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும். ஐம்பத்து நாலு சொன்னாள். ஒன்று கூடத் தப்பில்லை.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார் பிசியோ. அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான பாராட்டு அதுதான். நடை, கை, சிந்தனை மூன்றும் இயல்பான வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு. அப்ப உடம்புல கோளாறு இல்லை.”

“சார், ஆனா...”

“அப்ப நீங்க விழுந்ததுக்குக் காரணம் கவனக்குறைவு. அப்படித்தானே எழுதணும்?”

அப்படியே எழுதியும் விட்டார். பதினாறு வருடத்தில் அவள் கைக்கு வந்த முதல் மெமோ அது. விழுந்தது கூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்தான் வலித்தது. அவள் கவனித்த அளவுக்கு அந்தத் தரையைக் கவனித்தவர்கள் யார்?

வீட்டில் அன்றைக்கு நாத்தனார் இருந்தார். கணவரின் அக்கா, மேல் மாடியில் குடியிருப்பவர். அந்தக் குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

“எல்லாம் நார்மல்னு போட்டிருக்காங்களே! சந்தோஷப்படறதை விட்டுட்டு மூஞ்சியை ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்கே?”

“நார்மல்னா நான் ஏன் அண்ணி விழுறேன்?”

“தலைகீழா நடந்தா விழாம என்ன செய்வாங்க?”

“தலைகீழா இல்லை, பின்னாடி.”

“எல்லாம் ஒண்ணுதான். பேசாம வேலையை விட்டுட்டு வீட்டுல இரு.”

கணவர் அருகில் வந்தார். அறிக்கையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஆளே இல்லாம லிஃப்டை ஓட்டிப் பார்த்தா எந்த லிஃப்டும் நல்லாத்தான் ஓடும்” என்றார் கடைசியில். “எட்டு பேரை ஏத்திக்கிட்டு ஓட்டிப் பார்க்கணும்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குள் ஒரு வாரமாக உருவம் இல்லாமல் உருண்டுகொண்டிருந்ததை அவர் ஒரு வார்த்தையில் போட்டு உடைத்துவிட்டார்.

மறுநாள் முன்பதிவு எதுவும் இல்லாமல் நேராகப் பிசியோவின் அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், நீங்க எடுத்த டெஸ்ட்டுல தப்பு இல்லை. ஆனா அது என் வேலை இல்லை. என்னைக் காலையில ஒன்பது மணிக்கு ஏசி ரூம்ல பார்த்தீங்க. நான் விழுந்தது மத்தியானம் மூணு மணிக்குத் தகரக் கொட்டகையில. நடக்கும்போது பேசாதீங்கன்னு சொன்னீங்க. நான் சம்பளம் வாங்கறதே நடந்துகிட்டே பேசறதுக்குத்தான்.”

பிசியோ ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்து, பிறகு கீழே விட்டார். யோசிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

“இங்க நடக்கற எல்லார்கிட்டயும் நான்தான் பேசாதீங்கன்னு சொல்றேன்” என்றார் மெதுவாக. “ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. நேரம் பிடிக்கும்னு எல்லாருக்கும் எடுக்கறதில்லை. உங்களுக்கு எடுத்திருக்கணும். நீங்க எப்ப ரொம்பக் களைச்சிருப்பீங்க?”

“மூணு சுற்று முடிச்ச பிறகு. நாலரை மணி.”

“நேரா அங்கிருந்து வாங்க. முகம் கூடக் கழுவாதீங்க.”

வியாழக்கிழமை அப்படியே போனாள். ப்ளவுஸ் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பையைப் பிடித்துக்கொள்ளக் கணவர் கூட வந்திருந்தார். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் உட்கார்ந்தபடி ஒரு நிமிடம். இருநூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். எண்களோடு பிழைப்பவள் அவள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நூற்று எண்பத்தாறு என்று மளமளவென்று இறங்கி எண்பத்தொன்றில் வந்து நின்றாள். பதினேழு விடை, பதினேழும் சரி. அடுத்து, எண் எதுவும் இல்லாமல் வெறும் நடை. இரண்டு அடையாளக் கூம்புகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் போய்ப் போய் வரவேண்டும். எழுபத்திரண்டு மீட்டர்.

“இப்ப ரெண்டும் சேர்த்து. எது முக்கியம்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டையும் பாருங்க.”

கிளம்பும்போது அவளுக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று. நூற்று எண்பத்தாறு. நூற்று எழுபத்தொன்பது. முதல் கூம்பு வந்தது. திரும்ப வேண்டும். திரும்புவதற்கு இடது காலை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் எண் கையை விட்டுப் போய்விட்டது. எண்ணைத் தேடினாள். தேடும்போது கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. நூற்று எழுபத்திரண்டு என்று எங்கிருந்தோ பிடித்து இழுத்தாள். இழுத்த பிறகுதான் கால் நகர்ந்தது. ஒரே ஒரு ஆளை இரண்டு அறையில் வேலைக்கு வைத்தது போல இருந்தது. இந்த அறையில் மணி அடித்தால் அவன் அந்த அறையை விட்டுவிட்டு ஓடி வருகிறான். அவள் நூற்று ஐம்பத்தொன்றில் நிற்கும்போது ஸ்டாப்வாட்ச் கத்தியது.

பிசியோ தாளில் எழுதி, அவள் பக்கம் திருப்பினார். “தூரம் நாப்பத்தொன்பது மீட்டர். சரியான விடை ஏழு.”

“எழுபத்திரண்டு, நாப்பத்தொன்பது ஆயிடுச்சு. பதினேழு, ஏழு ஆயிடுச்சு” என்றாள் அவள்.

“ஆமா. ரெண்டையும் சேர்த்தா எல்லாருக்கும் கொஞ்சம் குறையும். எனக்கும் குறையும். ஆனா இவ்வளவு குறையாது. உங்க நடை நல்லா இருக்கு. மூளையும் நல்லா இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டுக்கும் போட வேண்டிய கவனம்தான் பத்தலை. சூடும் களைப்பும் சேர்ந்தா இன்னும் பத்தலை. இதுக்குப் பேரு கவனக்குறைவு இல்லை.”

அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்து அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். அவளோ “அப்பாடா!” என்று சத்தமாக மூச்சு விட்டாள். ஒரு வருடமாகத் தன் மேலேயே வந்துகொண்டிருந்த சந்தேகம் அந்த மூச்சோடு வெளியே போனது.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கணவர் எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அப்ப... சாயங்காலம் நாம நடக்கப் போவோமே. நான் ஏதாவது கேட்டா நீ பதிலே சொல்லமாட்டியே.”

“ஆமா.”

“ஒரு வருஷமா என் மேல ஏதோ கோபம்னு நினைச்சேன். அதனாலதான் நடக்கப் போறதையே விட்டேன்.”

“கோபம் இல்லைங்க” என்றாள் அவள். “காலை எடுத்து வெச்சுக்கிட்டிருந்தேன்.”

பிசியோ திரும்பிக்கொண்டு எதையோ தேடுவது போல மேசை இழுப்பறையைத் திறந்தார். அந்த டிஷ்யூ பெட்டி கடைசியில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் பயன்பட்டது.

அடுத்த வாரம் இன்னொரு முறை அதே பரிசோதனையை எடுத்தார்கள். அவளே கேட்டுக்கொண்டாள், ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக அவள் தயாராக இல்லை. கிட்டத்தட்ட அதே எண்கள் வந்தன. அதன் பிறகு, “நின்று பேசினால் இவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, வழிகாட்டி வேலையைத் தொடரலாம்னு எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்டாள்.

பிசியோ மறுப்பாகத் தலையை ஆட்டினார். “அளந்ததை மட்டும்தான் எழுதுவேன். வேலையைத் தொடர முடியுமா இல்லையாங்கறதை நான் அங்க வந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

“அப்ப வாங்க.”

“வரேன். மூணு வாரம் எடுத்துக்கோங்க. நின்னு பேசற முறையில பழகிப் பாருங்க.”

அந்த மூன்று வாரமும் வீட்டுச் சமையலறையும் கூடமும் அருங்காட்சியகமாக மாறின. நாற்காலி ஒரு எஞ்சின், பிரிட்ஜ் ஒரு எஞ்சின், தண்ணீர் டிரம் சிக்னல் அறை. ஓர் இடத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, பேச வேண்டியதைப் பேசி முடிப்பாள். பிறகு வாயை மூடிக்கொண்டு அடுத்த இடத்துக்கு முன்பக்கமாக நடப்பாள். சிக்கல் அங்கேதான் வந்தது. அவள் சும்மா நடந்தால் பார்வையாளர்கள் சும்மா வருவார்களா? அது எப்படியிருக்கும் என்று காட்டும் வேலையை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். வேலையை விடு என்று சொன்ன அதே நாத்தனார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“இந்த எஞ்சினை யாரு செஞ்சாங்க? எத்தனை டன்னு? கக்கூஸ் எங்க இருக்கு?”

“அண்ணி, நடக்கும்போது கேட்காதீங்கன்னு சொன்னேன்ல?”

“நான் கேட்கலைன்னா அங்க வர்றவங்க கேட்கமாட்டாங்களா? பதில் சொல்லு!”

நாலாம் நாள், எரிச்சல் தாங்காமல் அவள் நாத்தனார் பக்கம் திரும்பி, “அந்த பிரிட்ஜுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னு நீங்களே யோசிச்சு வைங்க, நான் அங்க வந்து சொல்றேன்” என்றாள். நாத்தனார் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு பிரிட்ஜையே பார்த்தபடி நடந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவரும் எழுந்து வந்து, கதவு உள்ள பக்கம்தான் முன்பக்கம் என்றார். மோட்டார் இருக்கிற பக்கம்தான் என்றார் நாத்தனார். இரண்டு பேரும் அடித்துக்கொள்ள, அவள் அமைதியாக, ஒரு வார்த்தை பேசாமல், கால் மேல் கவனம் வைத்துத் தண்ணீர் டிரம் வரை நடந்து சேர்ந்தாள். அங்கே நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து, ஒவ்வோர் எஞ்சினை விட்டுக் கிளம்பும்போதும் கூட்டத்துக்கு ஒரு கேள்வி என்று எழுதத் தொடங்கினாள். இந்த வண்டி எந்தப் பக்கம் பார்த்து ஓடும்? இந்த வட்டத் துளை எதற்கு? இந்த மூன்று சக்கரத்தில் எது உண்மையில் இழுக்கிறது? விடை அடுத்த நிறுத்தத்தில்.

புதிய அறிக்கையை இயக்குநரிடம் கொடுத்தபோது அவள் பயந்ததுதான் நடந்தது.

“அப்ப முடியலைன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க. டிக்கெட் கவுண்டர்ல உட்கார்ந்துக்கோங்க. சம்பளம் அதேதான். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.”

“எனக்கு நிம்மதி இல்லை சார்.”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

“முதல் ரிப்போர்ட்ல நான் முழுசா நல்லா இருக்கேன்னு முடிவு பண்ணீங்க. இதுல ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டேன்னு முடிவு பண்றீங்க. ரெண்டும் நான் இல்லை. புதன்கிழமை மூணாவது சுற்று எடுக்கறேன். கொட்டகை அடுப்பாட்டம் கொதிக்கற நேரம். நீங்களும் கூட வாங்க. நான் ஒரு தடவை தடுமாறினாலும், அன்னைக்குச் சாயங்காலமே கவுண்டர்ல உட்காரறேன்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கஷ்டமான நேரத்தைத் தானே கேட்டு வாங்குகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். காலண்டரில் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒரு நெசவு ஆலையிலிருந்து இருபத்தாறு தொழிலாளர்கள் சுற்றுலா வந்திருந்தார்கள். கடைசியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பிசியோவும் வந்து நின்றார். ஸ்டாப்வாட்ச் சட்டைப் பைக்குள் இருந்தது. இயக்குநர் கையில் நோட்டோடு ஓரமாக நின்றார்.

“வணக்கம். இங்க ஒரே ஒரு சட்டம்தான்” என்று ஆரம்பித்தாள். “நான் நிக்கும்போது நான் பேசுவேன். நான் நடக்கும்போது நீங்க பேசுவீங்க. மாத்திப் பண்ணா எஞ்சினுக்குக் கோபம் வந்துடும்.”

ஆலைத் தொழிலாளர்கள் இயந்திரங்களோடு வாழ்கிறவர்கள். இரண்டாவது எஞ்சினில் அவள் போட்ட கேள்விக்கே அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அவள் குரலுக்கு ஓய்வு. அவர்கள் குரலுக்கு இல்லை. அவள் கைப்பிடி ஓரமாக, ஓர் அடிக்கு ஓர் அடி என்று நிதானமாக நடந்தாள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், போன தடவை விழுந்த அதே இடத்தில், ஒருவர் வேகமாகப் பக்கத்தில் வந்து, “அக்கா, இதுக்கு கரி எவ்வளவு போடுவாங்க?” என்று கேட்டார். அவள் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். நாலு அடி நடந்தாள். நின்றாள். கம்பியைப் பிடித்தாள். அவர் பக்கம் திரும்பினாள். “ஒரு நாளைக்கு மூணு டன். ஒருத்தரே மண்வெட்டியால அள்ளிப் போடணும். உங்க ஆலையில யாரு போடறீங்க, கையைத் தூக்குங்க?” கூட்டம் ஆரவாரித்தது.

ஒன்பதாம் எஞ்சினில் அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இழுக்கிற சக்கரம் எது என்ற வாக்குவாதத்தில் ஒரு குரல் மற்ற எல்லாக் குரலையும் விட உரக்கக் கேட்டது. அது இயக்குநரின் குரல். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை வீசி, முன்சக்கரம்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். பத்தாம் இடத்தில் நின்று அவள் விடையைச் சொன்னாள். நடுச் சக்கரம். ஆலைக்காரர்கள் இயக்குநரின் முதுகைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும் அசடு வழியச் சிரித்தார்.

சுற்று முடிய ஐம்பத்தெட்டு நிமிடம் ஆனது. ஒரு தடவை கூட அவள் தடுமாறவில்லை. ஒரு வாக்கியம் கூட அறுபடவில்லை.

“பதிமூணு நிமிஷம் அதிகம்” என்றார் இயக்குநர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

“விழுந்து எழுந்திரிக்கற நேரம் மிச்சம் சார்” என்றாள் அவள்.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிசியோ தான் பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: நின்று பேசி, பேசாமல் நடக்கும் முறையில் பாதுகாப்பாகச் சுற்றை நடத்தினார், ஆனால் மூன்றாவது சுற்றின் முடிவில் இடது பாதம் இழுபடத் தொடங்கியது. அந்தக் கடைசி வரியை அவர் விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விடமாட்டார் என்றும் தெரியும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுதான், இரண்டும் முற்பகலில், என்று முடிவானது. மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மற்ற வழிகாட்டிகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். அதற்குச் சம்மதித்தாள். மெமோ விஷயத்தில் மட்டும் பிடி தளர்த்தவில்லை. “கவனக்குறைவுங்கற வார்த்தை என் கோப்புல இருக்கக் கூடாது சார்” என்று வாரம் ஒருமுறை போய் நின்றாள். ஐந்தாவது வாரம் அவர் அதை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

இழந்ததும் ஒன்று உண்டு. ஒரு திங்கட்கிழமை காலை, வாசல் திறப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத கொட்டகையில் கம்பியைப் பிடித்தபடி ஆறு அடி பின்பக்கமாக நடந்து பார்த்தாள். ஏழாவது அடிக்கு முன்னால் நின்றாள். பதினாறு வருடம் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்த முகங்களை இனி அப்படி நடந்தபடி பார்க்க முடியாது. ஒரு பெட்டியின் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதாள். மணி அடித்ததும் முகம் துடைத்துக்கொண்டு முதல் கூட்டத்தை அழைத்துவரப் போனாள்.

வீட்டில் சாயங்கால நடை திரும்ப ஆரம்பித்தது. தெருவில் மூன்று பெஞ்சுகள் உண்டு. பெஞ்ச் வரை பேச்சு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் அன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று ஆரம்பிப்பார். சில நாள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி பரிசோதனை நடந்தது. இருபத்தைந்து அடிக்கு ஐந்தரை நொடி பிடித்தது, கொஞ்சம் கூடியிருக்கிறது. மடக்கு ஊன்றுகோல் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் பிசியோ. வாங்கிவிடலாம் என்றாள் அவளும், நிறம் எது என்பது வரை முடிவு செய்தபடி. நடந்துகொண்டே எண் குறைத்ததில் ஐம்பத்தைந்து மீட்டர், பத்து விடை. அது நன்றாகவே ஏறியிருந்தது. தினமும் பத்து நிமிடம் அவர் சொல்லிக்கொடுத்தபடி மொட்டை மாடியில் பழகியிருந்தாள், நாத்தனாரின் மேற்பார்வையில்.

வெளியே வரும்போது வரிசை நாற்காலியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் புத்தம் புதிய கோப்பு. அதன் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, உள்ள என்ன செய்வாங்க? பாஸ் ஆகலைன்னா என்ன ஆகும்?”

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச வேண்டியது நிறைய இருந்தது. அதற்கு உட்காருவதுதான் சரி.

“பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதும்மா. நடக்கச் சொல்லுவாங்க, யோசிக்கச் சொல்லுவாங்க, எழுதிக்குவாங்க. முதல்ல நீ சொல்லு, உனக்கு என்ன வேலை?”

“கண்ணாடிக் கடையில. பெரிய பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு, கஸ்டமர் சொன்ன அளவை மனசுல வெச்சுக்கிட்டுப் போய் அறுக்கணும்.”

“எப்ப சிரமமா இருக்கு?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “தூக்கிக்கிட்டு நடந்தா அளவு மறந்துடுது. யார்கிட்டயும் சொன்னதில்லை.”

“அந்த ஒல்லியான சார்கிட்ட இதே மாதிரி, இதே வார்த்தையில சொல்லு. அவர் கேட்கலைன்னாலும் சொல்லு. கேட்காம இருக்கமாட்டார், இப்பல்லாம் எல்லார்கிட்டயும் வேலை என்னன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறார்.”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எழுந்தாள். கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவு வரை போய், திரும்பிப் பார்த்து, “நீங்க கொஞ்ச நேரம் இருப்பீங்களா?” என்று கேட்டாள்.

“எனக்கு இன்னைக்கு லீவுதான்” என்றாள் அவள். “போயிட்டு வா.”